வீமனுக்கு வைத்த வாசல்

நான் ஒரு மடையன். இதை மற்றவர்கள் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் இந்த முறை நானே முந்திக்கொள்கிறேன். மடையர்களில் வகை உண்டு. தெரியாத வேலையைச் செய்து கெடுப்பவன் சாதாரண மடையன், அவனை மன்னித்துவிடலாம். ஒருவருமே கேட்காத வேலையை, மேசன் பிடித்து, நாள் பார்த்து, சொந்தக்காரருக்கும் சொல்லிவைத்துச் செய்து கெடுப்பவன் விசேட மடையன். அந்த வகையில் கொக்குவிலில் என்னைத் தவிர வேறு ஆள் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

விசயம் ஒரு நாயைப் பற்றியது.

என் மாமனார் உடுவிலில் தனியே இருந்தார். ஓய்வுபெற்ற தபாலதிபர். தந்தி அடித்த காலத்து மனிதர் என்பதால், ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் உண்டு என்பதுபோலத்தான் இன்றைக்கும் கதைப்பார். மாமி போன பிறகு அவருக்குத் துணை வீமன் என்ற நாய். பெயரை வைத்து ஆளை மதிக்கக் கூடாது. விலா எலும்பு தெரிகிற, ஒரு காது மடிந்த, செம்மண் நிற ஊர்நாய். சாப்பாட்டு விசயத்தில் மட்டும் பெயருக்குத் துரோகம் செய்யாதவன்.

ஒரு மழை நாள் மாமா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இனி அவரைத் தனியே விட ஏலாது என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் போட்டி. என் மனைவி சுகந்திக்கு ஒரு அக்கா இருக்கிறார், பெரியக்கா. திருநெல்வேலியில் மாடி வீடு. "அப்பாவுக்கு மேலை தனி அறை, ஏசி, எல்லாம் இருக்கு. நாய்க்கு மட்டும் இடமில்லை" என்றார் பெரியக்கா.

"நாய் வராத இடத்துக்கு நானும் வரேல்லை" என்றார் மாமா.

"எங்கடை வீட்டை வாங்கோ அப்பா, வீமனும் வரட்டும்" என்று சுகந்தி பாய்ந்து விழுந்து சொன்னாள்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "வந்து பாப்பம். சரிவந்தால் இருக்கிறம். இல்லாட்டி ரெண்டு பேரும் திரும்புறம்."

சுகந்திக்கு இது சின்ன விசயமில்லை. மாமி கடைசிக் காலத்தில் பெரியக்கா வீட்டில்தான் இருந்தவர். அப்பாவையாவது தான் வைத்துப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமாவுக்கென்று எடுத்துவைத்த தலையணையை ஒவ்வொரு நாளும் வெயிலில் போட்டுப் போட்டு எடுத்தாள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது எனக்கு வராத கலை.

அந்த நாட்களில் என் கைத்தொலைபேசி வீடியோக்களில் ஒரு வெள்ளைக்காரர் அடிக்கடி வந்துபோவார். நாய் பூனைகளுக்கு ஏற்றபடி வீடு திருத்துவது அவர் தொழில். நாய்க்குத் தனி வாசல். நாய் வெளியே பார்ப்பதற்குத் தாழ்ந்த யன்னல். வயதான நாயின் மூட்டு நோகாமல் இருக்க வழுக்காத நிலம். வேலை முடிந்ததும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு புது வாசலால் உள்ளே வரும். வீட்டுக்காரி அழுவாள். வெள்ளைக்காரரும் கண்ணைத் துடைப்பார். (நானும்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்.)

"இஞ்சரும், பின்னறையை மாமாவுக்கும் வீமனுக்கும் ஏத்த மாதிரித் திருத்துவம்" என்று சுகந்தியிடம் சொன்னேன். "ஒருக்கா உள்ளை வந்தாரெண்டால் திரும்பிப் போற நினைப்பே வரக்கூடாது."

"நாய் வீட்டுக்குள்ளை வாறதோ?"

"வராமல்? தனிய இருக்கிற மனுசன், உள்ளைதான் விட்டு வளர்ப்பார். இல்லாட்டி நாயில்லாமல் வரமாட்டன் எண்டு ஏன் ஒற்றைக்காலிலை நிக்கிறார்?"

"நான் போகேக்கை எல்லாம் அது முத்தத்திலைதானே கிடந்தது?"

"நீர் போறது பகலிலை."

சுகந்தி ஒத்துக்கொண்டாள். என் பேச்சில் நியாயம் இருந்ததால் அல்ல. அப்பா வருவதென்றால் யானையைக்கூட உள்ளே விடுகிற நிலையில் அவள் இருந்தாள். கடைசியில், "சாமியறை வாசலுக்குக் குறுக்காலை ஒரு பலகை அடியுங்கோ" என்றாள். "அப்பாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. சொன்னால் வீண்வேலை, வேண்டாம் எண்டுவார். வந்து பாத்துச் சந்தோசப்படட்டும்."

ஆகவே மாமாவிடம் கேட்கவில்லை. வீமனிடமும் கேட்கவில்லை.

வாசலுக்கு அளவெடுக்க உடுவிலுக்குப் போனேன். மாமா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வீமன் முற்றத்தில், விறாந்தைப் படிக்குக் கீழே, முன்னங்கால்கள் படியில் முட்டாதபடி மடித்துக்கொண்டு கிடந்தான். (புத்தியுள்ளவன் என்றால் இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்திருப்பான். நான் சேட்டுப் பையில் அளவுநாடாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.)

நான் வீமனின் தோளைச் சுற்றி நாடாவைப் போட்டதும் மாமா கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன செய்யிறீர்?"

"சும்மா, மாமா. எவ்வளவு வளந்திருக்கிறான் எண்டு பாக்கிறன்."

"அவன் கிழவன்."

"ஓம் மாமா. நல்லா வளந்திட்டான்."

மாமா கட்டுப்போட்ட தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்தக் கையோடு இந்த ஆளின் பொறுப்பில் போய் இருப்பதா என்று அவர் யோசித்திருந்தால் அது பிழையில்லை.

மேசன் அன்ரன் குருநகர் ஆள். வேலை சுத்தம், வாய் அதைவிட வேகம். சுவரில் நான் கீறிய கோட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"அண்ணை, உது நாய் போற ஓட்டையோ, எலி போற ஓட்டையோ?"

"வீமன்ரை அளவு, அன்ரன். நானே நாடா பிடிச்சு அளந்தது."

"உடுவிலிலை மெலிஞ்சுபோய்க் கிடக்கும். இஞ்சை வந்து அக்காவின்ரை சாப்பாட்டைத் திண்டால் ஊதிப்போம். நீங்களே கலியாணத்துக்கு முந்தி எப்பிடி இருந்தனீங்கள்?"

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஓட்டையைப் பெருப்பிக்கச் சம்மதித்தேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெருப்பம்தான் காரணம். சிறிதாக இருந்திருந்தால் எனக்கு அந்த யோசனையே வந்திராது. இன்னும் பெரிதாக இருந்திருந்தால் பிரச்சினையே வந்திராது.

வாசலுக்கு மறைப்பு வேண்டும். வெள்ளைக்காரர் பாவித்தது இங்கே கிடைக்காது. லொறி திருத்துகிற இடத்தில் பின்சில்லுக்கு மேல் தொங்குகிற பழைய றப்பர்ப் பாய் ஒன்று கிடைத்தது. நல்ல தடிப்பு. ஒரே குறை, அதில் மஞ்சள் எழுத்தில் 'முருகன் துணை' என்று எழுதியிருந்தது.

"நாய் தலையாலை முட்டுற இடத்திலை முருகன்ரை பேரோ?" என்றாள் சுகந்தி.

எழுத்து அறையின் உள்பக்கம் பார்க்கும்படி திருப்பி மாட்டினோம். வெளியே இருந்து வருகிற நாய் வெறும் றப்பரைத்தான் முட்டும். முருகன் அறைக்குள் இருந்து அதை வரவேற்பார்.

அறையின் பளிங்குபோன்ற மாபிளைக் கிளப்பிவிட்டுச் சொரசொரத்த சீமெந்து போட்டோம். அதில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் பழைய தோல் முழுக்க உரிந்துவிடும். நாயின் மனம் சோராமல் வெளியே பார்ப்பதற்கு யன்னலைத் தாழ்த்தினோம். (வாழ்நாள் முழுக்க வெளியிலேயே கிடந்த நாய் வெளியே பார்க்க யன்னல் வைத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.)

சுவரை வெட்டி மரநிலை வைப்பதென்றால் எங்களூரில் நாள் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. முழங்கால் உயர நிலை என்றாலும் நிலை நிலைதான் என்று சுகந்தி சொல்லிவிட்டாள். சாத்திரியாருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வாசல் ஆருக்கு?" என்று கேட்டார்.

"மாமாவோடை வாற ஒருத்தருக்கு."

"அவரின்ரை நட்சத்திரம்?"

வீமன் குட்டியாக ஒழுங்கையில் கண்டெடுக்கப்பட்டது பங்குனித் திருவிழாக் காலத்தில் என்று சுகந்தி சொன்ன ஞாபகம். "பங்குனித் திருவிழாவோடை பிறந்தவர்" என்றேன்.

"அப்ப உத்தரமாக்கும். ஆள் சரியான பிடிவாதக்காரன். ஒண்டு நினைச்சால் மாறான்" என்று சொல்லி, நிலை வைக்க ஒரு காலையும் வீடு குடிபூர அதற்கு அடுத்த காலையும் குறித்துத் தந்தார். சாத்திரியார் சொன்னதில் பிடிவாதம் மட்டும் அச்சொட்டாகப் பலித்தது.

குடிபூரல் அன்று வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு. நான் பட்டுவேட்டி, சால்வை. திட்டம் என்னுடையது. மாமா முன்வாசலால் வலதுகால் வைத்து உள்ளே வந்து தன் அறைக்குப் போவார். அதே நல்ல நேரத்தில் வீமன் பின்சுவர் வாசலால், வாலை ஆட்டிக்கொண்டு, அவர் முன்னால் தோன்றுவான். மாமா கண்ணைத் துடைப்பார். வீமன் வருவதைப் படம் பிடிக்கும்படி என் தொலைபேசியைப் பெரியக்காவிடம் கொடுத்து, அவரைப் பின்னறைக் கட்டிலில் இருத்தினேன். அவர் மெத்தையை அமத்திப் பார்த்து, "எங்கடை வீட்டு மெத்தை இதைவிட மெத்து" என்றுவிட்டுத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டார்.

மாமா ஓட்டோவில் வந்து இறங்கினார், காலடியில் வீமன். சுகந்தி ஆலாத்தித் தட்டோடு முன்வாசலில் நின்றாள்.

"நீங்கள் இதாலை வாங்கோ மாமா. வீமன் பின்னாலை வருவான்" என்றேன்.

"அவன் முதல் ஒரு இடத்திலை சரியா இருக்கட்டும். பேந்து வாறன்" என்று மாமா படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

வீமனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்புறம் போனேன். வேலையின் பெருமையைப் பார்க்க அன்ரனும் வந்திருந்தான். அவன் றப்பரை உள்பக்கமாகத் தூக்கிப் பிடிக்க, நான் வீமனை வாசலுக்கு நேரே நிறுத்தினேன். வீமன் ஓட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இருந்தான்.

வடை ஒன்றை உள்ளே எறிந்தேன். வீமன் உள்ளே கிடந்த வடையைப் பார்த்து எச்சில் வடித்தான், எழும்பவில்லை. வெளியே எறிந்த வடையை உடனே தின்றான். பின்னால் இருந்து தள்ளினோம். நாலு காலையும் நிலையில் ஊன்றிக்கொண்டு அசையமாட்டேன் என்று நின்றான். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. அது முடிந்தால் இராகு காலம்.

"அண்ணை, அதுக்கு விளங்கேல்லை" என்றான் அன்ரன். "ஆரும் ஒருக்கா போய்க் காட்டினால் பின்னாலை வரும்."

"நீர்தானே மெலிஞ்ச ஆள், நீர் போம்."

"நான் வேதக்காரன், அண்ணை. உங்கடை நல்ல நேரத்திலை நான் முதல் காலெடுத்து வைக்கிறது முறையில்லை."

ஒரு கிறிஸ்தவனின் சமய ஒழுக்கத்தை நான் குறை சொல்ல முடியாது. சால்வையைக் கழற்றி வேலியில் போட்டேன். குனிந்தேன். தலை போயிற்று. ஒரு கை போயிற்று. தோள் போயிற்று. இவ்வளவு சுலபமா என்று நினைத்து மூச்சை இழுத்தேன். அந்த மூச்சோடு வயிறு நிலைக்குள் இறுகியது. மற்றக் கை வெளியே நின்றுவிட்டது. மேலே தூக்கியிருந்த றப்பர் என் முதுகில் விழுந்தது. 'முருகன் துணை' என்ற எழுத்து மேலே பார்க்க நான் சுவரில் தொங்கினேன். அந்த நேரம் வேறு துணை இருக்கவுமில்லை.

கட்டிலில் பெரியக்கா தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி இருந்தார்.

"தம்பி, நீரோ?"

"ஓம் பெரியக்கா."

"நாய் எங்கை?"

"வந்துகொண்டிருக்கு."

"கெதியா உள்ளை வாரும், நேரம் போகுது."

"வர ஏலாமல் கிடக்கு."

"அப்ப திரும்பிப் போம்."

"அதுக்கும் ஏலாது."

பெரியக்கா தொலைபேசியை இறக்காமலே குரல் கொடுத்தார். "சுகந்தி! உன்ரை மனுசன் அப்பாவின்ரை அறைச் சுவருக்குள்ளை நிக்கிறார்!"

வெளியே என் கால்களில் ஏதோ பாரம் ஏறியது. வீமன் என் கணுக்காலை மணந்து பார்த்துவிட்டு, குறுக்கே தலையை வைத்துப் படுத்துக்கொண்டான் என்று பிறகு அறிந்தேன். அவன் என்மேல் காட்டிய முதல் நம்பிக்கை அது. பாராட்டுகிற நிலையில் நான் இல்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், என் பின்பாதி நின்ற இடத்தில், மாமாவின் குரல் கேட்டது.

"இவர் உதுக்குள்ளை என்ன செய்யிறார்?"

"வழி காட்டுறார், ஐயா" என்றான் அன்ரன்.

"ஆருக்கு?"

"வீமனுக்கு. உது வீமனுக்கு வைச்ச வாசல்."

மாமா வழக்கத்துக்கு மாறாகச் சொற்களைத் தாராளமாகச் செலவழித்தார். "நாய் ஏன் வீட்டுக்குள்ளை போகோணும்? குட்டியிலையிருந்து அவன் ஒரு படி ஏறினவன் இல்லை. நாய் உள்ளை போற வீட்டிலை நான் எப்பிடிச் சாப்பிடுறது? வளவிலை அவனுக்கு ஒரு நிழல் காணும் எண்டுதானே வந்தனான்."

யாழ்ப்பாணத்து நாய் வாசற்படி தாண்டாது. இந்த மண்ணில் பிறந்த ஒவ்வொரு நாய்க்கும் அது தெரியும். இந்த மண்ணில் பிறந்த எனக்கு அதை ஞாபகப்படுத்த, வயிறு சுவரில் இறுக வேண்டியிருந்தது.

"நேரம் என்ன?" என்று மாமா கேட்டார்.

"இராகு காலம் துவங்கிட்டுது போலை, ஐயா."

"அப்ப சரிவராது. ஓட்டோ நிக்குதோ?"

பெரியக்கா தாழ்ந்த யன்னலால் தலையை நீட்டினார். (அந்த யன்னலின் முதல் உபயோகம்.) "அப்பா, நேரை எங்கடை வீட்டை வாங்கோ. அங்கை சுவரெல்லாம் முழுசா இருக்கு."

சுகந்தி அறைக்குள் ஓடிவந்தாள். என்னைத் திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் திட்டவில்லை. என் முன்னால் நிலத்தில் இருந்தாள். "அப்பா போகப்போறார்" என்று மட்டும் சொன்னாள். கையில் இருந்த ஆலாத்தித் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் மூக்குக்கு முன்னால் வைத்தாள். வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. அவள் வெயிலில் போட்டு எடுத்த தலையணை கட்டிலில் பெரியக்காவின் முழங்கைக்கு அடியில் கிடந்தது. எனக்கு வாயைத் திறக்கவே வெட்கமாயிருந்தது. திறந்தால் திரி அணைந்துவிடும் என்ற பயமும் இருந்தது.

மாமாவின் செருப்புச் சத்தம் சுவரைவிட்டு விலகியது. ஓட்டோவுக்குப் போகிறார் என்று நினைத்தேன். சுகந்தியும் அப்படித்தான் நினைத்தாள், முகத்தைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வீட்டைச் சுற்றி முன்பக்கம் போனது. நின்றது. பிறகு வீட்டுக்குள் கேட்டது. செருப்போடு, நல்ல நேரம் தப்பிய பிறகு, ஆலாத்தி இல்லாமல், எந்தக் காலை முதலில் வைத்தார் என்று ஒருவரும் பார்க்காமல், மாமா எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"அப்பா, இராகு காலம்..." என்று சுகந்தி எழும்பினாள். மாமா கையைக் காட்டி அவளை விலகச் சொன்னார். என் முன்னால் வந்து குனிந்து என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு முறியாத கையை என் தலையில் வைத்தார். அந்தக் கை நடுங்கியது. மருமகன்மேல் இந்த மனிதருக்கு இவ்வளவு பாசமா என்று என் நெஞ்சு நெகிழ்ந்தது. (நெகிழ்வதற்கு அங்கே நிறைய இடமில்லை.)

"மூச்சை விடும்" என்றார்.

விட்டேன். சுகந்தி குத்துவிளக்கு நல்லெண்ணெயை என் இடுப்பைச் சுற்றி ஊற்றினாள். மாமா உள்ளே இருந்து தலையைத் தள்ள, அன்ரன் வீமனை விலக்கிவிட்டு வெளியே இருந்து காலை இழுத்தான். ஒரு இழுவையில் வெளியே வந்தேன். தனியே வரவில்லை. முதல் நாள் சுபநேரத்தில் வைத்த நிலையும் என் இடுப்போடு சேர்ந்து வந்தது.

"சீமெந்து காயேல்லை, அண்ணை" என்றான் அன்ரன், ஒரு நிபுணனின் குரலில்.

இடுப்பில் நிலையோடு, எண்ணெய் வழிய, ஓட்டையால் உள்ளே எட்டிப் பார்த்தேன். மாமா அந்தக் கட்டிலில் இருந்தார். பெரியக்காவை எழுப்பிவிட்டுத் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, தேத்தண்ணி போடு" என்றார். "ஓட்டோவை அனுப்பிவிடு."

சுகந்தி குசினிக்கு ஓடிய வேகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மாமா இன்றைக்கும் எங்களோடுதான் இருக்கிறார். அறைக்குள்ளும் செருப்போடுதான் நடக்கிறார். சீமெந்து காலைக் கிழிக்கிறதாம். தாழ்ந்த யன்னலால் வீமன் வெளியே நின்று உள்ளே பார்க்கிறான். நிலையை அன்ரன் அன்று பின்னேரமே, எந்த நேரமும் பார்க்காமல், திரும்பப் பூட்டினான்; இன்றுவரை அசையவில்லை. வீமன் அதற்குள் ஒருநாளும் தலைகூட வைத்ததில்லை. வெளியே சுவரோரம் அதற்கு நேரே படுத்திருப்பான். மாமா கட்டிலைச் சுவரோடு இழுத்துப் போட்டுக்கொண்டார். மத்தியானம் தூங்கும்போது றப்பருக்குக் கீழால் கையை வெளியே நீட்டி வீமனின் தலையில் வைத்திருப்பார்.

பெரியக்கா பிடித்த படம் அன்று மாலையே குடும்பக் குழுவில் ஏறியது. கனடாவில் நான் கண்டிராத சொந்தங்களுக்கெல்லாம் இப்போது என்னைத் தெரியும். கலியாண வீடுகளில் மண்டப வாசலில் நின்று, "என்ன தம்பி, இதாலை போவீரோ, சுவராலை வாறீரோ?" என்று கேட்காத ஆள் குறைவு. அன்ரன் புது இடங்களில் வேலை பேசும்போது, தான் வைத்த நிலை ஆள் மாட்டினாலும் உடையாது என்று சொல்லிக்கொள்கிறானாம். காயாத சீமெந்து பற்றி அவன் சொல்வதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. என் தலையில் நடுங்கிய அந்தக் கை. பஞ்சாங்கம் பார்க்காமல் நகம்கூட வெட்டாத மனிதர், இராகு காலம் என்றும் பாராமல் எனக்காக உள்ளே வந்தார் அல்லவா? அதை அவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. போன கிழமை, குடும்பமே கூடியிருந்த நேரம் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"மாமா, அண்டைக்குத் திரும்பிப் போக வெளிக்கிட்ட நீங்கள், நேரம் காலம் ஒண்டும் பாக்காமல் ஏன் உள்ளை வந்தனீங்கள்?"

மாமா பேப்பரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மற்றப் பாதியையும் பாக்க."